புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு உண்மையில் எவ்வளவு நேரம்?

"பாரிஸுக்கு எவ்வளவு நேரம் தம்பி?" என்று யாராவது கேட்டால் எங்கள் முத்தியால்பேட்டையில் சின்னப் பையன்கூட "பத்து மணி நேரம்" என்று சொல்லிவிடுவான். அது விமானத்தின் நேரம். மனிதர்களின் நேரம் வேறு. வீட்டுக் கதவைப் பூட்டுவதில் தொடங்கி அங்கே யாரோ கதவைத் திறப்பது வரை கணக்குப் போட்டால் இருபத்திரண்டு மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும். டிக்கெட் கொஞ்சம் தப்பாக அமைந்தால் முப்பது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பயணம் ஏன் இவ்வளவு பழக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்போது எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பெட்டியும் கையுமாகப் போய் வருகிறார்கள். எங்கள் அத்தானின் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் காலத்தில் கப்பல்தான்: கொழும்பு, ஜிபூத்தி, சூயஸ், அப்புறம் மார்செய். வாரக்கணக்கில் ஆகும். அத்தானும் அக்காவும் இப்போது பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போய் வந்ததிலும், தெருவில் பலருக்கு டிக்கெட் பார்த்துக் கொடுத்ததிலும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் தூரம். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு வான்வழியில் மிகக் குறுகிய தூரம் சுமார் 8,020 கிலோமீட்டர். சுவரில் மாட்டும் தட்டையான உலகப் படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால் இந்தப் பாதை கிடைக்காது. பிள்ளைகள் படிக்கிற உலக உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையை பாரிஸில் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் மகாராஷ்டிரம், பாகிஸ்தான், ஈரான் என்று வடமேற்காக ஏறும். சரிபாதித் தூரத்தில் அது தொடுகிற இடம் காஸ்பியன் கடலின் தென்கரை. அம்மாவுக்கு இதைச் செய்து காட்டியபோது "அப்போ துபாய் வழியா போறது ஊரைச் சுத்திப் போறதுதானே?" என்றார். இல்லை. அதுதான் வேடிக்கை. சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930, துபாயிலிருந்து பாரிஸ் சுமார் 5,240. கூட்டினால் 8,170. நேர்ப்பாதையைவிட 150 கிலோமீட்டர்தான் கூடுதல், விமானத்துக்குப் பத்து நிமிஷ வேலை. தோஹா வழி என்றால் இன்னும் நூறு கிலோமீட்டர் சேரும். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இழப்பது தூரத்தில் அல்ல, நடுவில் இறங்கி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்.

8,020 கிலோமீட்டரை 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் ஒன்பது மணி நேரம்கூட வராது. ஆனால் டிக்கெட்டில் பத்து, பத்தரை என்று போடுவார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்ததுமே அவர்கள் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, பாரிஸ் வானத்தில் இறங்க முறைக்குக் காத்திருப்பது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு எதிர்க்காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்ற வேகமான காற்று ஓடுகிறது. போகும்போது அதை எதிர்த்துப் போக வேண்டும், வரும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளிவிடும். குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம். அதனால் வருகிற நேரம் போகிற நேரத்தைவிட முக்கால் மணி, ஒரு மணி குறைவாக இருப்பது வழக்கம்.

அடுத்தது டிக்கெட்டைப் படிப்பது. ஆளைக் கவிழ்க்கிற இடம் இதுதான்.

டிக்கெட்டில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறதோ அந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம்தான் அதற்குப் பக்கத்தில் இருக்கும். சென்னையில் அதிகாலை 4:00, பாரிஸில் மதியம் 1:30 என்று போட்டிருந்தால் ஒன்பதரை மணி நேரம் என்று நினைக்கத் தோன்றும். இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். அதுவும் வருஷம் முழுக்க ஒன்றாக இருக்காது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி, மற்ற மாதங்களில் நாலரை மணி. ஆக அதே 4:00, அதே 1:30, கோடையில் பதின்மூன்று மணி நேரப் பயணம், டிசம்பரில் பதினான்கு. திரும்பி வரும்போது கழிக்க வேண்டும். பாரிஸில் பிற்பகல் 3:00, சென்னையில் மறுநாள் காலை 8:00 என்பது பார்வைக்குப் பதினேழு மணி. கோடையில் உண்மையில் பதின்மூன்றரைதான்.

இதைவிடப் பெரிய வம்பு நள்ளிரவு விமானங்கள். சென்னையிலிருந்து மேற்கே போகிற விமானங்களில் நிறைய, நடு இரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகிறவை. எங்கள் எதிர் வீட்டு அண்ணிக்கு 15-ம் தேதி 02:10-க்கு விமானம். அவர் தினசரிக் காலண்டரில் 15-ஐச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அன்று மாலைக்கு வண்டி சொல்லிவிட்டார். 14-ம் தேதி சாயங்காலம் மகன் பாரிஸிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு "அம்மா, கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் வீடே கிடுகிடுத்தது. இரண்டு மணி நேரத்தில் பெட்டி கட்டி, வேறு வண்டி பிடித்து, ஃபிரிட்ஜில் இருந்ததை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஊறவைத்திருந்த உளுந்து எங்கள் வீட்டுக்கு வந்து மறுநாள் வடையானது. அன்றிலிருந்து யார் டிக்கெட் காட்டினாலும் நான் செய்கிற வேலை, அச்செடுத்த தாளின் மேலேயே "14-ம் தேதி ராத்திரி எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுப்பது. விமானம் எத்தனை மணிக்கு என்பது வீட்டில் யாருக்கும் தேவைப்படாத தகவல்.

அந்த எட்டரை எங்கிருந்து வருகிறது? பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் நம் சாலை. முத்தியால்பேட்டையிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக மீனம்பாக்கம் சுமார் 140 கிலோமீட்டர். மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல்கேட். சாலை காலியாக இருந்தால் இரண்டே முக்கால் மணியில் போய்விடலாம். ஞாயிறு மாலையோ, தொடர் விடுமுறை முடிகிற நாளோ என்றால் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்வலம்தான். பொங்கல், தீபாவளி முடிந்து ஊர் திரும்புகிற இரவில் இந்த வழியில் போக வேண்டியிருந்தால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படிப்பட்ட நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், மாமல்லபுரம் வழியாகப் போய், துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையில் திரும்பி விமான நிலையத்துக்கு வருவது எனக்குப் பிடித்த வழி. தூரம் கொஞ்சம் கூடும். அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் ராத்திரி கவனமாக ஓட்டுகிற ஓட்டுநர் வேண்டும்.

பேருந்தில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், ஒரே பெட்டி என்றால். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு திண்டிவனம் வழியாக வருகிற பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ மாறணும். 23 கிலோ பெட்டி இரண்டும் கைப்பையும் வைத்துக்கொண்டு இந்த மாற்றல் வேலை வேண்டாம்.

நேரடி விமானம் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் இறுதியில் ஜெட் ஏர்வேஸ் சென்னை–பாரிஸ் நேரடி விமானம் விட்டபோது புதுச்சேரியில் கல்யாண வீடு மாதிரி பேசிக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. பெங்களூரிலிருந்து ஏர் பிரான்ஸ் நேராகப் போகிறது, சுமார் 7,820 கிலோமீட்டர். "நேரா போகுதே, அதுல போலாமே" என்று பலரும் ஆசைப்படுவார்கள். நானும் அத்தானும் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புதுச்சேரியிலிருந்து பெங்களூர் நகரத்துக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். விமான நிலையமோ நகரத்தைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர், அதன் பிறகு பெங்களூர்ப் போக்குவரத்து என்று சாலையிலேயே எட்டு மணி நேரம் போய்விடும். வளைகுடாவில் மூன்று மணி நேரம் குளிர்சாதன அறையில் உட்கார்வதைவிட இது எந்த விதத்தில் நல்லது? நம் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 2024 டிசம்பர் முதல் இண்டிகோவின் சிறிய ஏ.டி.ஆர் விமானம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போகிறது. அதைப் பிடித்துப் பெங்களூரில் மாறுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், மழையில் முதல் விமானம் ரத்தானால் இரண்டாவதுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். அப்படிப் போவதென்றால் முதல் நாளே பெங்களூர் போய்த் தங்கிவிடுங்கள்.

எந்த வழியாகப் போனாலும் கடைசி ஊர் வரை ஒரே பதிவு எண்ணில் டிக்கெட் எடுப்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் நேராக பாரிஸுக்குப் போய்விடும். தனித்தனியாக எடுத்து ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நடுவில் மாறுகிற நேரம் எவ்வளவு இருக்கலாம்? இளைஞர்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். வயதானவர்களுக்கு மூன்று, மூன்றரை. ஐந்துக்கு மேல் போனால் கால் வீங்கிவிடுகிறது. அம்மாவைத் தனியாக அனுப்பியபோது வீல்சேர் கேட்டு டிக்கெட்டிலேயே பதிந்திருந்தோம். குறைந்தது இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும். நடக்க முடிகிறவருக்கு எதற்கு என்று அம்மா முறைத்தார். ஆனால் வீல்சேர் கால்களுக்காக மட்டும் இல்லை. எந்த வாசல், எந்த ரயில், எந்த மாடி என்று தேடுகிற வேலையை அது எடுத்துக்கொள்கிறது. வளைகுடாவில் விமானம் ஏறும் வாசலைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். தள்ளிக்கொண்டு போனது ஒரு மலையாளிப் பையன். "அம்மா, பயப்படாதீங்க, என்னை விட்டுட்டு ஃப்ளைட் போனாலும் உங்களை விட்டுட்டுப் போகாது" என்று சொல்லியிருக்கிறான். போய்ச் சேர்ந்ததும் அம்மா எங்களிடம் முதலில் சொன்னது அவனைப் பற்றித்தான், பேரனைப் பற்றி இல்லை.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் புறப்படும் முன்பே டாக்டரிடம் டிக்கெட்டையே காட்டிக் கேட்டுவிடுங்கள். மேற்கே போகும்போது அந்த நாள் மூன்றரை மணியோ நாலரை மணியோ நீண்டுவிடுகிறது. எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ஊசி போடுவது என்பதை வானத்தில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. மருந்தும் சீட்டும் கைப்பையில்தான்.

லண்டன் வழியாக மலிவாகக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். பிரான்ஸ் போக வாங்கிய ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா தேவைப்படலாம். அத்தானுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், அவருக்குக் கவலையில்லை. அவர் பேச்சைக் கேட்டு அதே டிக்கெட்டை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற மாமியார் எடுத்தால் சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள். பிராங்க்பர்ட் வழியில் இந்தத் தொல்லை இல்லை, ஜெர்மனிக்கும் அதே ஷெங்கன் விசா செல்லும். ஆனால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். வரிசை நீளமாக இருந்தால் பாரிஸ் விமானத்தைத் தவறவிட நேரும். ஒன்றரை மணி இடைவெளி டிக்கெட்டை அங்கே எடுக்காதீர்கள்.

போர் வந்தால் தூரமும் மாறும். நூல் பிடித்துப் பார்த்த அந்தப் பாதை பாகிஸ்தானையும் ஈரானையும் கடக்கிறது இல்லையா? 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியதும், தில்லியிலிருந்து ஐரோப்பா போகிற இந்திய விமானங்கள் தெற்கே அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டி வந்தது. சென்னை–தில்லி–பாரிஸ் என்பது சாதாரணமாகவே முந்நூறு கிலோமீட்டர் கூடுதல். சுற்று வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதே வருஷம் ஜூன் 23 அன்று இரவு கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியது. தோஹாவில் மாற வேண்டியவர்கள் எங்கெங்கோ இறக்கிவிடப்பட்டார்கள். அதனால் கல்யாணம், கருமாதி போன்றவற்றுக்குப் போகிறவர்கள் ஒரு முழு நாள் முன்னதாகப் போய்ச் சேர்கிற மாதிரி எடுங்கள்.

தாமதமானால் நஷ்டஈடு உண்டா என்றால், திசையைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ம் வருஷத்து 261-ம் எண் விதிப்படி, பாரிஸிலிருந்து கிளம்புகிற பயணம் எந்த நிறுவனமானாலும் அதில் அடங்கும். சென்னையிலிருந்து போகும்போது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் என்றால்தான் அடங்கும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ. புயல், போர், வான்வெளி மூடல் போன்ற காரணம் என்றால் கிடையாது. அக்கா ஒரு தடவை கேட்டு வாங்கினார். பலமுறை எழுத வேண்டியிருந்தது. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததுதான் கைகொடுத்தது.

பாரிஸில் இறங்கிய பின் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் புதிய நுழைவுப் பதிவு முறை வந்திருக்கிறது. குறுகிய கால விசாவில் வருகிறவர்களின் முகத்தைப் படமெடுத்துப் பதிகிறார்கள்; கைரேகை விசா வாங்கும்போதே பதிந்திருப்பதால் அதை மறுபடி பதிவதில்லை. நம் ஊர்க் குடும்பங்களில் கணவருக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்பது சகஜம். அவர் பத்து நிமிஷத்தில் வெளியே போய்ப் பெட்டிக்கு அருகே நிற்பார், இவர் இன்னும் வரிசையில் இருப்பார். யாரிடம் தங்கப் போகிற முகவரி, யாரிடம் திரும்பும் டிக்கெட் என்று முன்னாலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

சாமான் சோதனையிலும் நேரம் போகும். பால்கோவா, நெய், கறி ஊறுகாய் எதுவும் கொண்டு போகக் கூடாது; ஐரோப்பிய விதி பால், இறைச்சிப் பொருட்களைத் தடுக்கிறது. மீனுக்கு மட்டும் ஆளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். ஆகவே கருவாட்டுக்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் இடம் உண்டு. பக்கத்து சீட்காரர் மூக்கில் உண்டா என்பது நீங்கள் எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சார்செல், கார்ஜ் பக்கம் போகிறவர்கள் ரயிலில் போவதென்றால் பி வழித்தடத்தில் நகரத்துக்குள் கார் து நோர் ரயில் நிலையம் வரை போய், அங்கே டி வழித்தடம் மாறி மறுபடி வடக்கே வர வேண்டும். பெட்டிகளோடு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். விமான நிலையத்திலிருந்து காரில் நேராகப் போனால் இருபத்தைந்து நிமிஷம். யாரையாவது வரச் சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பும்போது உறவுக்காரர்கள் அன்பு மிகுதியால் "நானே கார் எடுத்துட்டு வந்துடறேன் மாமா" என்பார்கள். சென்னையில் விமானம் அதிகாலை மூன்று மணிக்கு இறங்கினால், அந்தப் பையன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து, நான்கரைக்கு உங்களை ஏற்றிக்கொண்டு, செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் விடிகிற நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டிய நீங்களும் தூங்கியிருப்பீர்கள். அதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பகலில் தூங்கி எழுந்த வாடகை ஓட்டுநரைச் சொல்லுங்கள். வருத்தப்படுவான், பரவாயில்லை.